நோட்டு மேல 'லைட்' அடிச்சா... எது ஒளிரணும், எது ஒளிரவே கூடாது?

ஆடிக்கிருத்திகை சமயத்துல அரக்கோணம் ஜங்ஷன் எப்படி இருக்கும்னு பார்த்திருக்கீங்களா? திருத்தணிக்கு ரயில் மாறுற கூட்டம், காவடியும் மஞ்சள் வேட்டியுமா பிளாட்பாரத்தை நிறைச்சிருக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து காதுல விழும். ஸ்டேஷனுக்கு வெளிய பூ விக்கிற அக்காகிட்ட ஒருத்தர் ஓடி வந்து 50 ரூபாய்க்குப் பூ வாங்கிட்டு, 500 ரூபாய் நோட்டை நீட்டுறார்னு வெச்சுக்குவோம். அக்கா அவசர அவசரமா 450 ரூபாய் சில்லறை எண்ணிக் கொடுக்குறாங்க. ரயில் கிளம்பிடுது. ராத்திரி சுருக்குப்பையைத் திறந்து கணக்குப் பார்க்கும்போதுதான், 'இந்த நோட்டு ஏன் இவ்ளோ வழவழன்னு இருக்கு?'னு சந்தேகம் வருது.

போனது பூ மட்டும் இல்லை. கூடவே நிஜமான 450 ரூபாயும் போயிடுச்சு. ஒரு முழத்துக்குப் பத்து ரூபாய் லாபம்னு வெச்சாலும், அந்தச் சில்லறையைத் திரும்ப எடுக்கவே கூடுதலா 45 முழம் விக்கணும்.

'இப்பல்லாம் யாரு சார் காசு கொடுக்குறா, எல்லாம் ஸ்கேன் பண்றதுதானே'ன்னு நீங்க கேக்கலாம். திருவிழாக் கூட்டத்துல டவர் சுத்திக்கிட்டே இருக்கும்போது கை தானா பர்ஸுக்குத்தான் போகும். ரிசர்வ் வங்கியோட 2024-25 ஆண்டறிக்கைப்படி, அந்த ஒரே நிதியாண்டுல வங்கிகள்ல சிக்கின கள்ள 500 ரூபாய் நோட்டுகள் மட்டும் சுமார் 1.18 லட்சம். இது வங்கி கவுன்டர் வரைக்கும் வந்து மாட்டினதோட கணக்கு. அதுக்கு முன்னாடியே ஒரு பூக்கடையிலேயோ டீக்கடையிலேயோ கிழிச்சுப் போடப்பட்டது இதுல சேராது.

அதனாலதான் இப்ப சின்னக் கடைகள்லகூட கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு குட்டி ஊதா டார்ச் தொங்குது. நோட்டை வாங்கி, கையால மறைச்சு, லைட்டை அடிச்சுப் பார்த்துட்டுத் தலையாட்டுவாங்க. 'என்ன பார்த்தீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. 'ஏதோ மின்னும் சார்' என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த 'ஏதோ'வுலதான் விஷயமே இருக்கு. உண்மையில், மின்னுறதைவிட மின்னாம இருக்குறதுதான் அங்க பெரிய சாட்சி.

365 படி, 365 நானோமீட்டர்

திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு படின்னு சொல்வாங்க. நோட்டு பார்க்க வாங்கற டார்ச்சுலேயும் இதே எண்ணைத் தேடுங்க. 365 நானோமீட்டர். ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனா கடையில கேட்டு வாங்க ஞாபகம் இருக்கும்.

நம்ம கண்ணுக்குத் தெரியற ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டர் ஊதாவுல ஆரம்பிச்சு 700 நானோமீட்டர் சிவப்புல முடியுது. 400-க்குக் கீழ இருக்குறது புற ஊதா. கண்ணுக்குத் தெரியாது. மலிவா கிடைக்கிற டார்ச் பலதும் 395 நானோமீட்டர். அதுல கண்ணுக்குத் தெரியற ஊதா நிறமும் தாராளமா கலந்து வரும். நோட்டு முழுக்க ஊதா பூசின மாதிரி ஆயிடும், எது ஒளிருது, எது சும்மா ஊதாவா தெரியுதுன்னு குழப்பம் வரும். 365-ல் அந்தத் தொல்லை குறைவு. (எதை வாங்கினாலும் கண்ணுக்கு நேரா அடிச்சுப் பார்க்காதீங்க. கிருமி கொல்லுற 254 நானோமீட்டர் விளக்கு இன்னும் ஆபத்து, அது வீட்டுச் சோதனைக்கே வேண்டாம்.)

சரி, கண்ணுக்குத் தெரியாத ஒளி பட்டா ஒரு மை ஏன் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒளிருது?

பூக்கார அக்கா கணக்கையே எடுத்துக்குங்க. புற ஊதா ஒளியோட ஒவ்வொரு துகளும் ஒரு 500 ரூபாய் நோட்டு மாதிரி, சக்தி அதிகம். மையில இருக்குற மூலக்கூறு அதை வாங்கிக்குது. 50 ரூபாயை உள்ளுக்குள்ள அதிர்ந்து ஆடி வெப்பமாச் செலவழிச்சிடுது. மிச்சம் 450-ஐத் திருப்பித் தருது. சக்தி குறைஞ்சு வர்ற அந்த ஒளி நம்ம கண்ணுக்குத் தெரியற பச்சையாவோ மஞ்சளாவோ சிவப்பாவோ இருக்கும். இதுதான் ஒளிர்தல். வாங்கினதுக்கும் கொடுத்ததுக்கும் நடுவுல விழுற அந்த வித்தியாசத்தை, 1852-ல் இதை விளக்கின ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் பேராலயே 'ஸ்டோக்ஸ் பெயர்ச்சி'ன்னு சொல்றாங்க. அவருக்கு முன்னாடியே, 1845-ல் ஜான் ஹெர்ஷல் கொய்னா கரைசல் வெயில்ல நீலமா மினுங்கறதைக் கவனிச்சு எழுதி வெச்சார். மலேரியாவுக்குக் கொடுக்கிற அதே கொய்னாதான். பிற்பாடு நம்ம நீலகிரியில, நடுவட்டத்துல சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த அதே சரக்கு. சூப்பர் மார்க்கெட்ல டானிக் வாட்டர் பாட்டில் மேல இந்த டார்ச்சை அடிச்சா இன்னைக்கும் அந்த நீலத்தைப் பார்க்கலாம்.

லைட்டை அணைச்ச உடனே நின்னுட்டா அது ஒளிர்தல். அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் மினுங்கிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேர் நின்றொளிர்தல். சின்ன வயசுல பெட்ரூம் சுவத்துல ஒட்டின நட்சத்திர ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கா, அது இந்த ரெண்டாவது வகை. பைக் பின்னாடி ஒட்டுற 'ரேடியம் ஸ்டிக்கர்' இதுல எதுவுமே இல்லை. அதுல ரேடியமும் கிடையாது, ஒளிர்தலும் கிடையாது. பின்னாடி வர்ற வண்டியோட ஹெட்லைட்டை வந்த வழியே திருப்பி அனுப்புது, அவ்ளோதான். அந்தக் காலத்துல கடிகார முள்ளுக்கு நிஜமாவே ரேடியம் கலந்த பெயின்ட் பூசினாங்க. அந்தப் பேர் மட்டும் நம்ம ஊர் ஸ்டிக்கர் கடை போர்டுல ஒட்டிக்கிச்சு.

இருட்டா இருக்க வேண்டிய தாள்

இப்ப ஒரு சோதனை. ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு, ஒரு ஏ4 தாளையும் பர்ஸ்ல இருக்குற 500 ரூபாய் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு டார்ச் அடிங்க. ஏ4 தாள் பளீர்னு நீல வெள்ளையா ஒளிரும். நோட்டு மங்கலா, கிட்டத்தட்ட இருட்டா இருக்கும்.

காரணம் ரொம்ப எளிமை. சாதாரண வெள்ளைத் தாள் பழுப்பா தெரியக் கூடாதுன்னு, தயாரிக்கும்போதே 'ஆப்டிகல் பிரைட்னர்' என்ற ரசாயனத்தைச் சேர்ப்பாங்க. அது வெளிச்சத்துல இருக்குற கொஞ்சூண்டு புற ஊதாவை வாங்கி நீலமா திருப்பித் தரும், நம்ம கண்ணு 'ஆஹா என்ன வெள்ளை'ன்னு ஏமாறும். துணி துவைக்கிற பவுடர்லயும் இதே குடும்பம்தான் இருக்கு. உங்க வெள்ளைச் சட்டை மேல டார்ச் அடிச்சுப் பாருங்க, பேய்ப்படம் மாதிரி மின்னும். (பாட்டி காலத்து சொட்டு நீலம் வேற ஜாதி. அது சும்மா நீலச் சாயம், மஞ்சளை மறைக்கும். ஒளியை உண்டாக்காது.)

ரூபாய் நோட்டுத் தாள் மரக்கூழ்ல செய்யறது இல்லை, பருத்தியில செய்யறது. அதுல பிரைட்னர் சேர்க்க மாட்டாங்க. புற ஊதாவுல அது மங்கலாவே கிடக்கணும்னு திட்டம் போட்டே செய்யறாங்க. அந்த இருட்டான மேடையிலதான் மூணு விஷயங்கள் எழுந்து நிக்கணும். ஒண்ணு, நோட்டோட வரிசை எண்கள். அது ஒளிரும் மையில அச்சடிச்சது. ரெண்டு, தாளுக்குள்ள அங்கங்க தூவின மாதிரி சின்னச் சின்ன இழைகள். பகல்ல தேடினாலும் கிடைக்காது, டார்ச்சுல தலைமுடித் துணுக்கு மாதிரி கலர் கலரா தெரியும். தாள் தயாரிக்கும்போதே கலக்கிறதால, எந்த நோட்டுல எந்த இடத்துல இழை இருக்கும்னு சொல்ல முடியாது. ஒரே மாதிரி ரெண்டு நோட்டு அமையாது. மூணு, பாதுகாப்பு இழை, அதாவது நடுவுல ஓடுற அந்தக் கம்பி. அதுவும் ஒளிரும்.

எண்களும் இழைகளும் ஒளிர்ற ஏற்பாடு மகாத்மா காந்தி வரிசை நோட்டுகள்ல பல வருஷமாவே இருக்கு. 2005-ல் பாதுகாப்பு அம்சங்களைக் கூட்டினப்பவும், 2016-க்குப் பிறகு வந்த புது வரிசையிலயும் தொடர்ந்துச்சு.

கள்ளநோட்டுக்காரங்க பெரும்பாலும் சறுக்குறது இந்தத் தாள்லதான். கலர் பிரின்டர்ல காந்தி முகத்தைக் கொண்டுவந்துடலாம். ஆனா கையில கிடைக்கிற தாள் பிரைட்னர் போட்ட தாள். டார்ச் அடிச்சதும் மொத்த நோட்டும் டியூப் லைட் மாதிரி எரியும். எண்ணும் இழையும் அந்த வெளிச்சத்துல மூழ்கிடும், இல்லைன்னா இருக்கவே இருக்காது. அதனால அடுத்த தடவை டார்ச் அடிக்கும்போது முதல் கேள்வி 'எங்க மின்னுது?' இல்லை, 'தாள் இருட்டா இருக்கா?'

பாவம், நல்ல நோட்டு!

இங்கதான் நான் டார்ச் வெச்சிருக்குற கடைக்காரங்ககிட்ட கொஞ்சம் சண்டை போட ஆசைப்படுறேன். மின்னுச்சுன்னா உடனே 'கள்ளநோட்டு'ன்னு சத்தம் போடாதீங்க.

ஜீன்ஸ் பாக்கெட்ல மறந்து வெச்ச நோட்டு வாஷிங் மெஷின்ல ஒரு ரவுண்டு போய் வந்தா என்ன ஆகும்? துணிக்குப் போட்ட பிரைட்னர் பருத்தித் தாள்லயும் ஒட்டிக்கும். அதுவும் பருத்திதானே! காய்ஞ்ச பிறகு பார்க்க நல்லாத்தான் இருக்கும், டார்ச்சுல மட்டும் நீலமா மினுங்கும். முழுக்க முழுக்க அசல் நோட்டு, அசல் மெஷின்ல அச்சடிச்சது, ஆனா டார்ச் பரீட்சையில ஃபெயில்.

இன்னொண்ணு நம்ம ஊர் ஸ்பெஷல். மஞ்சள். கல்யாண மொய்க்கும் காணிக்கைக்கும் நோட்டு ஓரத்துல மஞ்சள் தடவுற பழக்கம் உண்டு இல்லையா? மஞ்சள்ல இருக்குற குர்குமின் தானாவே ஒளிரக்கூடிய பொருள். நம்ப முடியலைன்னா, ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் ஹேண்ட் சானிடைசர் விட்டு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் கலக்கி, இருட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சை கலந்த மஞ்சளா ஜொலிக்கும். கீரையை நசுக்கி இதே மாதிரி ஊற வெச்சு வடிகட்டினா, பச்சைத் தண்ணி டார்ச்சுல ரத்தச் சிவப்பா தெரியும். அது குளோரோஃபில் வேலை. (சானிடைசர் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் போகாதீங்க.) ஹைலைட்டர் பேனா கறையும் இந்த லிஸ்ட்ல சேரும். ஒரு நோட்டு நம்ம கைக்கு வர்றதுக்குள்ள எத்தனை சமையலறை, எத்தனை உண்டியல், எத்தனை சட்டைப் பாக்கெட் பார்த்திருக்கும்!

இதோட மறுபக்கமும் இருக்கு. ஒளிரும் மை ஒண்ணும் கிடைக்காத பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரியாம எழுதி, டார்ச்சுல படிக்கிற 'மேஜிக் பேனா' ஸ்கூல் பசங்க பென்சில் பாக்ஸ்லயே இருக்கு. அதனால 'எண் ஒளிருது, ஓகே' என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. டார்ச் ஒரு சாட்சிதான். அதுவே நீதிபதி ஆகிடக் கூடாது.

போன் ஃப்ளாஷ்ல ஊதா ஸ்கெட்ச் பேனா பூசினா...

ரீல்ஸ்ல அடிக்கடி வர்ற டிரிக் இது. போன் ஃப்ளாஷ் மேல செலோ டேப் ஒட்டி, நீலமும் ஊதாவும் ஸ்கெட்ச் பேனாவால பூசினா யு.வி லைட் ரெடின்னு சொல்வாங்க. ரெடி ஆகாது. உங்க போன் ஃப்ளாஷே ஒரு ஒளிர்பொருள் சாதனம்தான். உள்ள இருக்குற சிப் வெள்ளை ஒளி தர்றது இல்லை, நீல ஒளி தருது. அது மேல பூசின மஞ்சள் நிறப் பூச்சு, அந்த நீலத்துல ஒரு பங்கை வாங்கி மஞ்சளா மாத்துது. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையா தெரியுது. இதுல புற ஊதா உற்பத்தியே ஆகலை. ஸ்கெட்ச் பேனா என்பது வடிகட்டி. இருக்குறதை வடிக்கலாம், இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? அந்த டிரிக்ல ஹைலைட்டர் கோடு லேசா மினுங்குறது நீல ஒளிக்கே ஒளிர்றதாலதான். நோட்டுல இருக்குற மையைப் பரிசோதிக்க அது உதவாது.

ஆப்? ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில 'மணி'ன்னு ஒரு ஆப் வெளியிட்டுச்சு. பார்வைக் குறைபாடு உள்ளவங்க கேமராவுல நோட்டைக் காட்டினா அது எத்தனை ரூபாய்னு குரல்ல சொல்லும். ரொம்ப நல்ல விஷயம். ஆனா அது நோட்டு அசலா போலியான்னு சொல்லாது. அதுக்காகச் செஞ்சதும் இல்லை.

வத்திராயிருப்பிலிருந்து ஒரு கிளைக்கதை

மை செய்யறவங்க கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நம்ம ஊர்க்காரரைப் பார்த்துட்டுப் போகலாம். 1923-ல் கல்கத்தாவுல சி.வி.ராமனோட குழுவுல இருந்த கே.ஆர்.ராமநாதன், தண்ணியில ஒளி சிதறுறதை ஆராயும்போது, உள்ள விட்ட நிறத்தைவிட வேற நிறத்துல மங்கலா ஒரு ஒளி வர்றதைப் பார்த்தார். 'இது தண்ணியில இருக்குற அழுக்கோட ஒளிர்தலா இருக்கும்'னு நினைச்சாங்க. எவ்ளோ சுத்தம் செஞ்சாலும் அது போகலை. 1928-ல் விருதுநகர் பக்கம் வத்திராயிருப்புல பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், ராமனோட சேர்ந்து பல திரவங்கள்ல இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த ஒளி சாதாரண ஒளிர்தல் மாதிரி நடந்துக்கலை, ஒரே தளத்துல அதிர்ற ஒளியா வந்துச்சு. அப்பதான் இது புது விஷயம்னு உறுதியாச்சு. அதுதான் ராமன் விளைவு. எது ஒளிர்தல், எது ஒளிர்தல் இல்லைன்னு பிரிச்சுப் பார்த்ததுல கிடைச்ச நோபல் பரிசுன்னுகூடச் சொல்லலாம்.

அந்த கிருஷ்ணன்தான் 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட முதல் இயக்குநர் ஆனார். அதே ஆய்வகம் 2020-ல் ஒரு மையைப் பத்தி அறிவிச்சுது. சாதாரணமா பார்த்தா அதுல விசேஷம் ஒண்ணும் தெரியாது. 254 நானோமீட்டர் விளக்குல சிவப்பா ஒளிரும், 365-ல் பச்சையா ஒளிரும். ஒரே மை, ரெண்டு விளக்கு, ரெண்டு நிறம். அதுல ஒரு கிலோ தயாரிச்சு, மத்தியப் பிரதேசத்துல இருக்குற தேவாஸ் நோட்டு அச்சகத்துக்குக் கொடுத்தாங்க. நோட்டு, பாஸ்போர்ட்னு ரெண்டுக்கும் பயன்படும்னு சொன்னாங்க.

ஏன் ரெண்டு நிறம் வேணும்? கடையில மேஜிக் பேனா மை வாங்கிப் பூசறவனால ஒரு விளக்குக்குப் பதில் சொல்ல முடியும். ரெண்டாவது விளக்குக்கு வேற பதில் சொல்லணும்னா அவனுக்கு ஒரு வேதியியல் லேப் வேணும். மொகாலியில இருக்குற நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் இதை இன்னும் ஒரு படி மேல கொண்டுபோனாங்க. அவங்க மை 365-ல் நீலம், 395-ல் மெஜந்தா, கண்ணுக்கே தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்புல ஆரஞ்சு கலந்த சிவப்பு.

கடைசியா சொன்னது கொஞ்சம் வித்தியாசமான கணக்கு. அகச்சிவப்பு சக்தி குறைஞ்ச ஒளி. அதை வாங்கி சக்தி கூடின சிவப்பு ஒளியைத் தர்றது, 200 ரூபாய் வாங்கிட்டு 300 ரூபாய் திருப்பிக் கொடுக்குற மாதிரி ஆச்சே? ஒரு நோட்டு வாங்கினா முடியாதுதான். அந்த மையில இருக்குற அருமண் அணுக்கள், ரெண்டு மூணு சின்ன நோட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு சேர்த்து வெச்சுக்கிட்டு, ஒரே பெரிய நோட்டா வெளிய விடுது. இப்படிச் செய்யக்கூடிய பொருட்கள் ரொம்பக் குறைவு. அதனாலேயே போலி பண்றதும் கஷ்டம்.

அருமண் தனிமங்கள் இந்தத் துறைக்குப் புதுசு இல்லை. யூரோ நோட்டுகள் 2002-ல் புழக்கத்துக்கு வந்தப்ப, நெதர்லாந்துல உட்ரெக்ட் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அதை புற ஊதாவுல ஆராய்ஞ்சாங்க. அதுல தெரிஞ்ச சிவப்பு ஒளி யூரோப்பியம் என்ற அருமண்ணோடதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஐரோப்பா நோட்டுக்கு ஐரோப்பா பேர் வெச்ச தனிமம். யாரோ ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் குறும்பா யோசிச்சிருக்கணும்! இந்த அருமண் குடும்பத்துக்கு மூலப்பொருளா இருக்குற மோனசைட், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கு. 1909-ல் ஒரு ஜெர்மானியர், திருவிதாங்கூர்லேர்ந்து ஏற்றுமதியான தேங்காய் நாரோட ஒட்டி வந்த மணலைப் பார்த்துத்தான் இந்தக் கரையைத் தேடி வந்தார்னு சொல்வாங்க.

நோட்டுல நாம டார்ச் அடிச்சுப் பார்க்கிறதெல்லாம் நடுக்கட்டம்தான். முதல் கட்டம் யார் வேணா கண்ணாலயும் கையாலயும் பார்க்குறது. மூணாவது கட்டம், நோட்டு எண்ணிப் பிரிக்கிற பெரிய மெஷின்களும் ஆய்வகங்களும் மட்டும் படிக்கிற ரகசியங்கள். அது என்னென்னு மத்திய வங்கிகள் வெளிய சொல்றதே இல்லை, சொல்லவும் கூடாது.

டார்ச்சுக்கு முன்னாடி விரல்

பூக்கார அக்காகிட்ட டார்ச் இல்லைன்னாலும் விரல் இருக்கு. 500 ரூபாய் நோட்டை எடுத்தா இடது, வலது ஓரத்துல சாய்வா அஞ்சு கோடுகள் புடைச்சிருக்கும். நகத்தால கீறினா 'கிர்'னு தட்டுப்படணும். காந்தி படமும் அசோகச் சின்னமும்கூட மேடா இருக்கும். அடுத்தது, நோட்டைச் சாய்ச்சா நடுவுல இருக்குற கம்பி பச்சையிலிருந்து நீலமா மாறும். கீழே வலது பக்கம் இருக்குற '₹500'ம் அதே மாதிரி நிறம் மாறும். வரிசை எண்கள் இடதுலேர்ந்து வலதுக்குப் போகப் போகப் பெருசாகும். வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா வெள்ளைப் பகுதியில காந்தி முகமும் 500-ம் நீரோட்டமா தெரியும். பிரின்டர் மையால முகத்தை வரையலாம், ஆனா மேட்டையும் நிறம் மாறுறதையும் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம். பழகிட்டா மூணு செகண்டு வேலை. எனக்குக் கேட்டா டார்ச்சைவிட இந்த மூணு செகண்டுக்குத்தான் மார்க் அதிகம் போடுவேன். ரெண்டும் சேர்ந்து சந்தேகப்பட்டா மட்டும் நோட்டைத் திருப்பிக் கொடுங்க.

வாட்ஸ்அப் பரீட்சைகளை நம்பாதீங்க. பச்சைக் கோடு காந்தி படத்துக்குப் பக்கத்துல இருந்தா போலி, கவர்னர் கையெழுத்துப் பக்கம் இருந்தா அசல்னு ஒரு மெசேஜ் வருஷா வருஷம் சுத்தும். ரெண்டுமே செல்லும். எண்ணுக்கு நடுவுல நட்சத்திரக் குறி இருந்தா போலின்னு 2023-ல் ஒரு புரளி கிளம்பி, ரிசர்வ் வங்கியே விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு. அச்சுல பழுதான நோட்டுக்கு மாத்தா வர்றதுக்குத்தான் அந்த நட்சத்திரம்.

கையில வந்தே போச்சுன்னா?

முதல்ல, அதை வேற யார் தலையிலயாவது கட்டப் பார்க்காதீங்க. போலின்னு தெரிஞ்சே கைமாத்தினா, 2024 ஜூலையிலேர்ந்து அமல்ல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவோட 179-வது பிரிவு பாயும். ஆயுள் தண்டனை வரைக்கும் இடம் இருக்கு. தெரியாம வாங்கினது குற்றம் இல்லை. போலின்னு தெரிஞ்சு, அதைச் செலவழிக்கிற எண்ணத்தோட வெச்சிருக்குறதைத்தான் 180-வது பிரிவு குற்றம்னு சொல்லுது. முறையான வழியில கைக்கு வந்ததுன்னு காட்டினா அந்தப் பிரிவு பொருந்தாதுன்னும் அதே சட்டம் விளக்கம் கொடுக்குது.

வங்கியில கொடுத்தா அவங்க அதை உங்ககிட்டத் திருப்பித் தரக் கூடாது. நோட்டு மேல 'கள்ளநோட்டு' முத்திரை குத்தி எடுத்து வெச்சுக்கிட்டு, உங்களுக்கு ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுக்கணும். கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை. ஒரே தடவையில நாலு நோட்டு வரைக்கும் இருந்தா, வங்கி மாசக் கடைசியில மொத்தமா போலீஸுக்கு அறிக்கை அனுப்பும். உங்களை உடனே ஸ்டேஷனுக்கு இழுக்குற வேலை இருக்காது. அஞ்சு அல்லது அதுக்கு மேல இருந்தா, எஃப்.ஐ.ஆர் பதிவு செய்யச் சொல்லி உடனே போலீஸுக்குத் தகவல் போகணும். பல பேர் கள்ளநோட்டை வங்கிக்குக் கொண்டுபோகாததுக்குக் காரணம் இந்தக் கணக்கு தெரியாத பயம்தான்.

காசு திரும்பக் கிடைக்காது. அசல் 500-ம் கணக்குல ஏறாது. அக்காவோட 450-க்கு எந்த விதியிலயும் வழி இல்லை. அதனால, ரயிலுக்கு நேரமாச்சுன்னு நீங்க அவசரப்படும்போது அவங்க உங்க நோட்டை நகத்தால ஒரு தடவை கீறிப் பார்த்தா, முகம் சுளிக்காம மூணு செகண்டு நில்லுங்க.